முள் அசையாத இருபத்து நான்கு மணி நேரம்

அந்தப் போர்க்கப்பலுக்குள் காலை வைத்ததும் எனக்குத் தோன்றியது, வெளியே இதைவிடத் தேவலை என்பதுதான்.

வெளியே என்றால் ராஸ் அல் கைமா. மாதா திருநாளுக்கு ஊரில் கொடியேற இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் அங்கே வெயிலில் கிடந்த ஸ்பானரை வெறுங்கையால் எடுத்தால் தோல் அதோடு போய்விடும். அந்த வெயிலிலிருந்து தப்பித்து உள்ளே போன எனக்கு, திரும்ப ஓடிப்போய் வெயிலிலேயே நின்றுகொண்டால் என்ன என்றிருந்தது.

ஏணி முடிகிற இடத்தில் காவலுக்கு நின்ற மாலுமி என் டூல் பையைத் திறந்து பார்த்தான். அவன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை, ஏசி பைப்பில் அழுத்தம் பார்க்கிற என் கேஜின் கண்ணாடியில் சொட்டியது. 'சாரி' என்று துடைக்கப் பார்த்தான். அவன் சட்டையில் நனையாத இடமே இல்லை. பாவமாக இருந்தது, தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். கேஜைத் துடைத்தான், முகத்தைத் துடைத்தான், அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டு 'நெக்ஸ்ட்' என்றான். என் பின்னால் யாரும் இல்லை.

எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்காதீர்கள். மூன்று பக்கத் தாளில் கையெழுத்து வாங்கித்தான் உள்ளே விட்டார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் பாதிக்கு அவர்கள் நிறம்தான் அடித்திருக்கும். இப்போது அந்த நிறம் அவர்கள் ஊருக்கும், அதைச் சுற்றியிருக்கிற சில தீவுகளுக்கும்தான். 'ராஜ்யம்' என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் தோஹா தொழில்பேட்டையில் கம்ப்ரசரைக் காலில் போட்டுக்கொண்டதை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'உங்கள் தொடரில் ஒருவரும் ஒழுங்காக வேலை செய்வதில்லையே' என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். ஐயா, இந்த வாரம் உங்களுக்காக. நான் ஒழுங்காக வேலை செய்த கதை இது.

பத்து, ஐந்து, ஒன்று

ராஸ் அல் கைமாவிலிருந்து வடக்கே போனால் கடல் ஒடுங்கி ஒரு வாசல் மாதிரி ஆகும். வளைகுடாவிலிருந்து எண்ணெய்க் கப்பல் எது வெளியே போனாலும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வருஷம் வாசலில் தகராறு. கப்பல்களை மறித்தார்கள், பிடித்து வைத்தார்கள். யார் யாரை மறித்தார்கள் என்பது நீங்கள் எந்த டிவியைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், போன் கெட்டுப்போனதில்தான். யாரோ எங்கிருந்தோ ஜிபிஎஸ்ஸைக் குழப்பி விட்டார்கள். ரூமில் கட்டிலில் படுத்துக்கொண்டு மேப்பைத் திறந்தால், நான் பக்கத்து நாட்டு விமான நிலையத்தின் ரன்வேயில் படுத்திருப்பதாகக் காட்டியது. சாப்பாடு கொண்டுவருகிற ஆள் மூன்று நாள் தெரு தெருவாகச் சுற்றிவிட்டு வேலையை விட்டே போய்விட்டான்.

இந்த நேரத்தில்தான் ராஜ்யம், 'நீரிணையை நாங்கள் திறந்து வைப்போம்' என்று அறிவித்தது. யாரும் அவர்களிடம் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மூன்று கப்பல் புறப்பட்டதாகச் சொன்னார்கள். ஒன்று பாதி வழியில் எஞ்சின் கோளாறாகி ஏதோ ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. இன்னொன்றை, ஊரில் ஏதோ ராஜ விசேஷத்துக்கு அணிவகுப்பில் நிறுத்த வேண்டும் என்று திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒன்று ராஸ் அல் கைமாவில் கல் ஏற்றுகிற துறைமுகத்தில் வந்து நின்றது. மலையை உடைத்து ஏற்றுமதி செய்கிற இடம் அது. இரண்டு நாளில் சாம்பல் நிறக் கப்பல் கல்தூசி படிந்து வெள்ளையாகிவிட்டது.

அபு சலீம் என்று ஓர் அரபிக் கிழவர், மீன்பிடி லாஞ்சுகளுக்குச் சொந்தக்காரர். என் தம்பியின் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி. இந்தியும் அரபியும் கலந்து பேசுவார். கப்பலைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என் வாப்பா காலத்துல பத்து வரும். என் காலத்துல அஞ்சு. இப்ப ஒண்ணு. அதுலயும் ஏசி மாஃபி."

ஏசி இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊருக்கே தெரியும் என்றார். மாலுமிகள் எல்லாரும் ஜட்டியோடு மேல்தளத்தில் படுத்துக் கிடந்தார்களாம்.

நான் எப்படி அங்கே போனேன்

கப்பலில் குளிர்சாதன வேலைக்கு அவர்களுக்கே ஆள் இருந்திருக்கிறது, முன்பு. பிறகு அந்த வேலையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி ஆள் அவர்கள் ஊரிலிருந்து வர ஒன்பது நாள் ஆகும். விமானமெல்லாம் சுற்றிக்கொண்டு போன நேரம். அதனால் கம்பெனி துபாயில் ஒருவனிடம் கொடுத்தது. துபாய்க்காரன் ஷார்ஜாவில் ஒருவனிடம் கொடுத்தான். ஷார்ஜாக்காரன் எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மன் இக்பால் பாய்க்குப் போன் பண்ணினான். இக்பால் பாய் என் ரூம் கதவைத் தட்டினார்.

"தாஸ் பாய், உட்டோ. ஒரு கப்பல். சின்ன வேலை. ஜல்தி முடிச்சுட்டு வந்துரு" என்றார்.

ஒரு சாம்ராஜ்யத்தின் படையெடுப்பு இப்படித்தான் என் கையில் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வேறு. லீவு நாள்.

ஆனால் அன்று எனக்குக் கப்பலைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கவலை எல்லாம் அருளைப் பற்றித்தான். அருள் என் தம்பி. எனக்கு எட்டு வயது இளையவன். குளச்சல் பக்கத்தில் எங்கள் ஊர். நான் கடலுக்குப் பயந்து ஐடிஐ படித்து ஏசிக்காரனானவன், அவன் எதற்கும் பயப்படாதவன். அபு சலீமின் பச்சை லாஞ்சில் இன்னும் மூன்று பேரோடு புதன்கிழமை கடலுக்குப் போயிருந்தான். வாசலுக்குக் கிட்டத்தில்தான் அவர்கள் மீன்கூடு போடுகிற இடம். சனிக்கிழமை காலை திரும்ப வேண்டும். அதுவரை அவனோடு பேச வழியில்லை. போன் அவ்வளவு தூரம் எட்டாது. லாஞ்சிலிருந்த வயர்லெஸ்ஸில் நாலைந்து நாளாக இரைச்சல் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

அவன் பெண்டாட்டி ஊரிலிருந்து தினமும் எனக்குப் போன் பண்ணிக் கேட்பாள். 'வந்துருவான், வந்துருவான்' என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

சீஃப் சொன்னது

கப்பலின் சீஃப் எஞ்சினியர் என் வயதுக்காரர். சிவந்த முகம், அன்றைக்கு இன்னும் சிவந்து கிடந்தது. என்னைக் கீழே கூட்டிப்போனார். மெஷின் பெரியது, நல்லது. கேஸ் முழுவதும் எங்கோ ஒழுகிப் போயிருந்தது. அரை மணி நேரம் சோப்பு நுரை தடவித் தேடினேன். பெரிய பைப் ஒன்றின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல். கண்டுபிடித்ததும் சீஃப் என் முதுகில் தட்டினார்.

மாலுமிகள் வியர்ப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மேலே ஒரு ரூம் இருந்தது. ரேடார், கேமரா, துப்பாக்கி எல்லாவற்றையும் இயக்குகிற கம்ப்யூட்டர்கள் அங்கேதான். அந்த ரூம் சூடானால் எல்லாம் தானாக அணைந்துவிடும். மனிதனுக்கு வியர்த்தால் கப்பல் போகும், கம்ப்யூட்டருக்கு வியர்த்தால் போகாது.

"எப்போது முடியும்? இன்று சாயங்காலம் புறப்பட வேண்டும்" என்றார்.

விரிசலைப் பற்றவைத்துக்கொண்டே, "சாயங்காலம் என்ன அவசரம்?" என்று சும்மா கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, உனக்கு மீனவ நண்பர்கள் இருந்தால் சொல்லிவிடு என்றார். புது உத்தரவு வந்திருக்கிறது. நாங்கள் புறப்பட்ட பிறகு வாசலில் எந்தச் சின்னப் படகும் கப்பலுக்குக் கிட்ட வரக்கூடாது. வந்தால் எச்சரிக்கை எல்லாம் கிடையாது.

பற்றவைக்கிற டார்ச்சை அணைத்தேன். 

வெள்ளிக்கிழமை மத்தியானம். அருள் வரச் சனிக்கிழமை காலை ஆகும். கப்பல் இன்று சாயங்காலம் போனால், அவன் திரும்புகிற வழியில் நேருக்கு நேர்.

மங்காஃபில் நான் செய்யாதது

இங்கே என் தொழிலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இதற்கு முன்பு சொன்னதில்லை.

ஏசி பைப்பில் ஓட்டையை அடைத்தால், உடனே கேஸ் போடக்கூடாது. நைட்ரஜனை நிறைய அழுத்தத்தில் நிரப்பி, கேஜின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, இருபத்து நான்கு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் முள் அதே இடத்தில் நின்றால் ஓட்டை அடைபட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு மெஷினின் புத்தகத்திலும் இது இருக்கும்.

வளைகுடாவுக்கு வந்து முப்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை. நான் மட்டுமில்லை, நான் பார்த்த ஒருவனும் செய்ததில்லை. குவைத்தில் மங்காஃப் பக்கம் வேலை பார்த்தபோது, ஒரு நாளைக்கு எட்டு ஃபிளாட். ஒவ்வொரு ஃபிளாட்டிலும் கைக்குழந்தையை விசிறிக்கொண்டு ஓர் அம்மா நிற்பாள். ஃபோர்மன் போனில் 'யல்லா, யல்லா' என்று கத்துவான். எங்கே இருபத்து நான்கு மணி நேரம்? சோப்பு நுரை தடவு, குமிழி வருகிறதா பார், இல்லையா, கேஸ் போடு, ஹலாஸ், முடிந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி ஒழுகும், மறுபடி போவேன். ஒரு ஃபிளாட்டுக்கு ஏழு தரம் போயிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் நான் சொந்தக்கார மாமா என்றே நினைத்து வளர்ந்தார்கள். பெரியவளின் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட வந்தது.

அதனால் சீஃப் மறுபடி 'எப்போது முடியும்' என்று கேட்டபோது, ஒரு மணி நேரம் என்பதுதான் என் வாயில் வழக்கமாக வரவேண்டிய பதில்.

"நாளை இந்நேரம்" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஏன் என்றார். நைட்ரஜன் ஹோல்டிங், இருபத்து நான்கு மணி நேரம், உங்கள் புத்தகத்திலேயே இருக்கும் என்றேன். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். அந்த வரியில் விரலை வைத்து இரண்டு தரம் படித்தார்.  கத்தப்போகிறார், வேறு ஆளைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "எத்தனை வருஷமாயிற்று, இதை ஒருவன் கேட்டு!" என்றார். இப்போதெல்லாம் எல்லாரும் ஒப்பேற்றுகிறார்கள், எங்கள் ஊரிலும்தான் என்றார். மேலே போய்க் கேப்டனிடம் பேசினார். கேப்டன் தலைநகரத்துக்குப் பேசினார். ஒரு நாள் தள்ளிவைத்தார்கள்.

முள்ளுக்கு நேராகக் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். சீஃப் பக்கத்தில் தேதியும் மணியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார்.

சனிக்கிழமை காலை

ஆறரை மணிக்கே மீன் இறங்குதுறையில் போய் நின்றேன். ஏழேகாலுக்குப் பச்சை லாஞ்சு வந்தது. அருள் முன்பக்கம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இங்கே ஒருவன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறான், இவன் நுரை துப்புகிறான்.

"என்னண்ணே, வேலைக்குப் போவாம இங்க வந்து நிக்க?" என்றான்.

"ஒன்னப் பாக்கத்தாம்லே. கப்பல் ஒண்ணு கெளம்பப் போவுது. சின்ன வள்ளத்தக் கண்டா சுடுவானாம்."

"சுடட்டும். அவன் குண்டு இவ்வளவு தூரம் வருமா?" என்று சிரித்தான். மீனை இறக்கி ஐஸ் போட்டுக்கொண்டே, "இன்னும் நாப்பது கூடு தண்ணிக்குள்ள கெடக்குண்ணே. விட்டா மீனெல்லாம் செத்து நாறிரும். டீசல் அடிச்சுட்டு மத்தியானம் போறேன். நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். கப்பல் எப்பக் கெளம்புது?" என்றான்.

நான் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். பகல் பன்னிரண்டுக்கு நைட்ரஜனைத் திறந்து வெளியே விட வேண்டும். அதன் பிறகு பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் இழுக்க வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப் பம்புக்கு அதற்கே ஒரு நாள் ஆகும். அப்புறம் கேஸ். கேஸ் போட்டதும் எங்காவது ஒழுகும், எப்போதும் ஒழுகும், அதை மறுபடி அடைக்க வேண்டும். முப்பது வருஷ அனுபவம்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்கு முன்னால அது அசையாது" என்றேன்.

"பொறவு எதுக்கு இப்பிடி வெப்ராளப்படுத? நான் இன்னா போயிட்டு இன்னா வந்துருவேன்."

"போயிட்டு வா" என்றேன். நானேதான் சொன்னேன்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத பம்ப்

பன்னிரண்டு மணிக்குச் சீஃபும் நானும் கேஜுக்கு முன்னால் நின்றோம். முள் கோட்டின்மேலேயே நின்றது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு நூல் அசையவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு விம்மியது. முப்பது வருஷம் செய்த தொழிலில் முதல்தடவையாக, நான் அடைத்த ஓட்டை அடைபட்டிருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. சீஃப் கை கொடுத்தார். அவருடைய சொந்தக் கோப்பையில் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் பம்ப் பழையது, நேரமாகும் என்றேன். பரவாயில்லை, எங்களிடம் ஒன்று இருக்கிறது என்று ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அந்த வகையில் உலகத்திலேயே நல்ல பம்ப். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கப்பலில் ஒருவருக்கும் அதை உபயோகிக்கத் தெரியாதாம்.

இரண்டு மணி நேரத்தில் காற்றை எல்லாம் இழுத்துவிட்டது. கேஸ் போட்டேன். ஒழுகவில்லை. எப்படி ஒழுகும்? மெஷின் ஓடத் தொடங்கி, மூன்று மணிக்கெல்லாம் மேல்ரூமில் குளிர்காற்று வந்தது. யாரோ கை தட்டினார்கள்.

அப்போது என் கை ஒரு நட்டின் மேல் இருந்தது. கால் திருப்பு திருப்பினால் போதும். மெல்லக் கேஸ் இறங்கும், ஒரு மணி நேரத்தில் மறுபடி சூடு. சீஃப் பக்கத்தில் நின்று மெஷினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் திருப்பவில்லை. மாட்டிக்கொள்வேன் என்ற பயம் பாதி. பாதி, அந்த வேலையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

அதற்குப் பதிலாகச் சீஃபிடம் சொன்னேன். என் தம்பி கடலில் இருக்கிறான், மீன் பிடிக்கிறான், பச்சை லாஞ்சு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. தயவுசெய்து என்று இரண்டு கையையும் கூப்பினேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து 'பச்சை, வெள்ளைக் கோடு' என்று எழுதிக்கொண்டார். நானே மேலே போய்ச் சொல்கிறேன் என்றார். என் முன்னாலேயே போனார்.

நாலு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. நான் துறைமுகக் கேட்டில் நின்ற போலீஸ்காரரிடம் ஓடினேன். துறைமுக ஆபீசுக்கு ஓடினேன். அபு சலீமிடம் ஓடினேன். அவர் இன்னொரு லாஞ்சை அனுப்பப் பார்த்தார், கடலோரக் காவல் படை யாரையும் வெளியே விடவில்லை. அருளுக்கு எத்தனை தரம் போன் பண்ணினேன் என்று தெரியாது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் அரபியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிச் சொன்னாள்.

கறுப்பு வெள்ளை

பொழுது சாய்கிற நேரத்தில் அது நடந்தது. அருளும் மற்றவர்களும் கூடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மீனை எடுத்துவிட்டு, கூட்டைத் திரும்பக் கடலில் போட வேண்டும். இரும்புக் கம்பியில் பின்னிய உருண்டைக் கூடு, ஆள் உயரம் இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, கப்பல் போகிற வழியில் ஒரு சின்னப் படகு உருண்டையாக எதையோ தண்ணீருக்குள் இறக்குகிறது. கண்ணிவெடி என்று நினைத்துவிட்டார்கள். நாலைந்து விநாடிதான் சுட்டிருப்பார்கள் என்றான் அருள். மற்ற மூன்று பேரும் தண்ணீருக்குள் குதித்துவிட்டார்கள். அருள் கயிற்றை விடவில்லை. விட்டால் கூடு போய்விடுமே என்று பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தது இன்னொரு மீன்பிடி லாஞ்சு. ஆஸ்பத்திரியில் அருளின் இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். அவன் பெண்டாட்டிக்கு நான்தான் போனில் சொன்னேன். அவள் அழவில்லை, 'உசிரு இருக்குல்லா?' என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மூன்றாம் நாள் கப்பல் தண்ணீர் ஏற்றத் திரும்ப வந்தது. சீஃப் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு, என்னைத் துறைமுக வாசலுக்கு வரச்சொல்லியிருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

"சொன்னேன். பச்சை என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்" என்றார்.

அப்புறம், மங்கின வெளிச்சத்தில் அவர்கள் பார்ப்பது வெப்பத்தைப் பார்க்கிற கேமராவில் என்றார். அதில் நிறம் தெரியாது, எல்லாம் கறுப்பு வெள்ளைதான். ரூம் குளிர்ச்சியாக இருந்ததால் கேமரா நன்றாக வேலை செய்தது என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை நானே புரிந்துகொண்டேன். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் அழுதார். எனக்கு அவர்மேல் கோபப்படுவதா என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியாமல், ரூமுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

ராஜ்யத்தின் தலைநகரத்தில், விரோதப் படகு ஒன்று செயலிழக்கச் செய்யப்பட்டது என்று அறிக்கை விட்டார்கள். பிறகு அது மீன்பிடிப் படகு என்று தெரிந்து, விசாரணை என்றார்கள். அதற்குள் அங்கே பிரதமர் மாறிவிட்டார். கப்பல் ஒரே ஓர் எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போய்வந்தது. பிறகு ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலைத் திறந்தது கடைசியில் வேறு யாரோ, எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து பேசி. அதற்குப் பிறகு அந்த ராஜ்யம் இந்தப் பக்கம் கப்பல் அனுப்பவே இல்லை. இனி அனுப்புவதற்கு அவர்களிடம் கப்பல் இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

அருள் இரண்டு மாதம் என் ரூமில் இருந்தான். ஊருக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், இக்பால் பாய் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். ராஜ்யத்திலிருந்து கம்பெனிக்கு, கம்பெனியிலிருந்து துபாய்க்கு, துபாயிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்த பாராட்டுக் கடிதம். மேலே சிங்கமும் கிரீடமுமாக ஒரு முத்திரை.

"என்னண்ணே அது? படி" என்றான் அருள்.

வேண்டாம்லே என்றேன். விடவில்லை. படித்தேன். இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னேன். 'உங்கள் தொழில்நுட்பவியலாளரின் முன்மாதிரியான பணியின் காரணமாக, குளிரூட்டும் அமைப்பு முழுப் பயணத்திலும் ஒரு நிமிடம்கூடப் பழுதாகவில்லை.'

அருள் கடிதத்தை வலது கையால் வாங்கி முத்திரையைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"முப்பது வருசமா ஒப்பேத்துற வேலதான பாத்த? அன்னைக்கும் அப்பிடியே பாத்திருக்கலாம்லண்ணே" என்றான்.

"பாத்திருக்கலாம் மக்கா" என்றேன்.